வேறுபாடு இல்லை

நட்சத்திரம் பார்க்கிற ஆபீஸில் வேலை என்று சொன்னால், ராத்திரியெல்லாம் கண்விழித்து வானத்தை உற்றுப் பார்க்கிறோம் என்று எல்லாரும் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி எதுவும் கிடையாது. ராத்திரியில் இயந்திரம் பார்த்துக்கொள்ளும். நாங்கள் காலை பத்து மணிக்கு வந்து ஐந்து மணிக்குக் கிளம்புகிறவர்கள். எங்களில் பாதிப் பேருக்கு அந்த நட்சத்திரம் வானத்தில் எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியாது. எனக்கும் தெரியாது. இருபத்திரண்டு வருஷமாக அங்கே சரிபார்ப்பவராக இருக்கிறேன்.

ஒரே ஒரு நட்சத்திரம், அதைப் பார்க்க நூற்றுப்பத்துப் பேர். அது சூரியனைவிடப் பல மடங்கு பெரியது, வயதானது, உடம்பெல்லாம் கறை. தன்னைத்தானே சுற்றும்போது கறை உள்ள பக்கம் நம்மைப் பார்த்துத் திரும்பினால் மங்கும். சுத்தமான பக்கம் வந்தால் பளிச்சென்று ஆகும். ஒரு சுற்றுக்கு நாற்பது நாள். கறைகளும் சும்மா இருப்பதில்லை, வருஷக்கணக்கில் வளரும், சுருங்கும். அதனால் விடாமல் அளக்க வேண்டும் என்று நிலையத்தை ஆரம்பித்த முதல் இயக்குநர் சொன்னார். சொன்ன மனுஷன் அதோடு நின்றிருக்கலாம். அடுத்த அறுபது வருஷத்துக்கு அந்த வெளிச்சம் எப்படி ஏறும், எப்படி இறங்கும் என்று தானே கணக்குப் போட்டு, வாசலில் தொடங்கிக் கழிப்பறையையும் தாண்டிப் போகும் நடைச் சுவரில் சிவப்புப் பெயின்ட்டால் ஒரே கோடாக வரைந்து வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார்.

அந்தச் சுவர்தான் எங்கள் நிலையம். தினமும் காலையில் அளப்பவர், இயந்திரம் எடுத்த நாற்பது படங்களிலும் எங்கள் நட்சத்திரத்தைப் பக்கத்தில் உள்ள, வெளிச்சம் மாறாத இன்னொரு நட்சத்திரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, படத்துக்கு ஒரு தாளாக எழுதுவார். தாள்கள் என் மேசைக்கு வரும். நான் முத்திரை வைப்பேன். பிறகு சுவரில் அன்றைய தேதிக்கு ஒரு குண்டூசி குத்தப்படும். குண்டூசி கோட்டின் மேல் விழ வேண்டும். விழுந்துவிடும். ஒவ்வொரு ஆண்டுவிழாவுக்கும் முன்னால் கோட்டுக்குப் புதுப் பெயின்ட் அடிக்கிறோம். அடிக்க அடிக்க அது தடித்துக்கொண்டே வந்து இப்போது என் உள்ளங்கை அகலம் இருக்கிறது.

என்னிடம் இரண்டு ரப்பர் முத்திரைகள் உண்டு. 'வேறுபாடு இல்லை' ஒன்று. அதன் கைப்பிடி என் விரல் பட்டுப் பட்டு வழுவழுவென்று ஆகிவிட்டது. 'வேறுபாடு உண்டு' இன்னொன்று. வேலையில் சேர்ந்த அன்று கொடுத்த மெழுகுத்தாள் உறையோடு அது இழுப்பறையில் கிடந்தது. இடது கையில் டீ, வலது கையில் முத்திரை, ஐந்தே நிமிஷத்தில் நாற்பது தாளையும் முடித்துவிடுவேன். தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பேனா என்றால், அது அளப்பவரின் வேலை. என் வேலை சரிபார்ப்பது.

இந்த இடத்தில்தான் என் அத்தானை அளப்பவராகக் கொண்டுவந்து சேர்த்தேன்.

அத்தான் சாயப்பட்டறையில் நிறம் பார்த்தவர். இரண்டு கறுப்புத் துணிகளை நீட்டினால் எது துளி அதிகக் கறுப்பு என்று சட்டென்று சொல்லிவிடுவார். பட்டறையை மூடிவிட்டார்கள். ஆறு மாதம் வீட்டில் உட்கார்ந்து அலமாரித் துணிகளை நிறவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தார். அக்காதான் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"டேய், உங்க ஆபீஸ்ல கண்ணால பாக்கற வேலை ஏதாவது இருக்காடா? இவர் சும்மா இருந்தா, சுவத்துல வெள்ளையடிச்சது ஒரே மாதிரி இல்லைன்னு என் உயிரை எடுக்கறார்."

அவள் கேட்டதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. எங்கள் நிலையத்தில் குடும்பத்துக்கு மருத்துவ அட்டை உண்டு. அக்காவின் பிடரியில், முடிக்கு அடியில், மிளகளவு மச்சம் ஒன்று புதிதாகத் தோன்றியிருந்தது. தோல் டாக்டரம்மா அதைப் பார்த்துவிட்டுக் கறாராகச் சொல்லியிருந்தார்: "இப்போதைக்கு ஒண்ணும் பண்ண வேண்டாம். ஆனா மாசாமாசம் பாத்துட்டே இருங்க. பெருசாச்சுன்னாலோ கறுத்துச்சுன்னாலோ அன்னிக்கே கூட்டிட்டு வாங்க. உடனே வந்தா வெட்டி எடுத்துடலாம். தள்ளிப்போட்டா நான் எதுவும் சொல்ல முடியாது."

தன் பிடரியைத் தானே பார்க்க முடியாது. ஆகவே பார்ப்பது அத்தான். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அக்காவை ஜன்னலோரம் உட்காரவைத்து, முடியை ஒதுக்கி, மேலே மெல்லிய தாளை வைத்து மச்சத்தின் ஓரத்தைப் பென்சிலால் வரைவார். பக்கத்தில் தேதி, நிறம். 'காப்பிப்பொடி' என்று ஒரு மாதம், 'காப்பிப்பொடியேதான்' என்று அடுத்த மாதம். தாள்கள் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருந்தன. இப்படி ஒரு கண் எங்கள் நிலையத்துக்குக் கிடைக்காது என்று நான் நினைத்தேன். நிலையத்துக்கு அது தேவையா என்று நினைத்துப் பார்க்கவில்லை.

வேலைக்குச் சேர்ந்த பதினேழாம் நாள் அத்தான் என் மேசைக்கு ஓடிவந்தார். முகமெல்லாம் வியர்வை.

"மாப்ள, கறை பெருசாயிட்டே போகுது!"

நான் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தேன். "அக்காவுக்கா?"

"சேச்சே, நட்சத்திரத்துக்கு."

"அவ்வளவுதானே! அதுக்கா இப்படி ஓடி வர்றீங்க?" என்று சொல்லி மிச்ச டீயைக் குடித்தேன்.

விஷயம் அவ்வளவு லேசாக இல்லை. அவர் அளந்தபடி குண்டூசி குத்தினால் அது கோட்டுக்கு ஒரு சாண் கீழே விழுந்தது. தாள்கள் பிரிவு அதிகாரியிடம் போயின. அவரை நாங்கள் மறுபார்வை என்று கூப்பிடுவோம், அவர் இல்லாதபோது. எந்தத் தாளைக் கொடுத்தாலும் "மறுபடி பாருங்க" என்பதைத் தவிர அவர் வாயில் வேறு வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. அன்றைக்கு மட்டும் கொஞ்சம் அதிகம் பேசினார்.

"எனக்கு நட்சத்திரத்தைப் பத்தி ஒண்ணும் தெரியாதுங்க. அதனாலதான் என்னை இங்க போட்டிருக்காங்க. தெரிஞ்சவன்னா ஒரு பக்கமா சாஞ்சிடுவான். மறுபடி பாருங்க."

அத்தான் மறுபடி பார்த்தார். மூன்று நாள் மூன்று தடவை பார்த்தார். நட்சத்திரமும் தன் பங்குக்கு ஒவ்வொரு நாளும் இன்னும் கொஞ்சம் மங்கியது. சுவரில் குண்டூசிக்கு இடம் தேடிக் குனிய வேண்டி வந்தது.

கண் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். நிலையத்துக் கண் டாக்டர் எழுத்துப் பலகையைக் காட்டினார். அத்தான் கடைசி வரியைப் படித்து, அதற்கும் கீழே எறும்பு எழுத்தில் இருந்த அச்சகத்தின் பெயரையும் படித்துவிட்டார். 'பார்வை தேவைக்கு மேல் உள்ளது' என்று அறிக்கை வந்தது. மறுபார்வை அந்த வரியின் கீழ் சிவப்புக் கோடு போட்டார். "இதைத்தான் நானும் சந்தேகப்பட்டேன். தேவைக்கு மேல."

கண்ணில் தவறில்லை என்றால் சுவர் சாய்ந்திருக்க வேண்டும் என்று அடுத்த குழு முடிவு செய்தது. கொத்தனாரை வரவழைத்தார்கள். அவர் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்து, "சுவரு நூல் பிடிச்ச மாதிரி நேரா நிக்குதுங்க. ஊசிதான் இறங்கிப் போகுது" என்றார். கொத்தனாரையும் கண் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அவர் திரும்பி வரவில்லை. தூக்குக்குண்டு மட்டும் ரொம்ப நாள் நடையில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு என்னவோ போல இருக்கும்.

கடைசியில் இயக்குநர் கூப்பிட்டனுப்பினார். உறவுக்காரன், சிபாரிசு செய்தவன் என்பதால் நானும் போனேன். இயக்குநர் தங்கமான மனுஷர். குரலை உயர்த்தியே பேசமாட்டார். எங்கள் முன்னால் பிஸ்கட் தட்டை நகர்த்தி வைத்தார்.

"அந்த வெளிச்சம் அங்கேருந்து கிளம்பி இங்க வந்து சேர முன்னூறு வருஷம் ஆகுது, தெரியுமில்லையா? அப்போ நீங்க சொல்ற மங்கல் முன்னூறு வருஷத்துக்கு முன்னாடி நடந்தது. அன்னிக்கு இந்த நிலையமே கிடையாது. நிலையம் இல்லாதப்போ நடந்த தப்புக்கு நிலையம் எப்படிப் பொறுப்பாகும்?"

"நான் பொறுப்பெல்லாம் கேக்கலை சார்" என்றார் அத்தான் பரிதாபமாக. "கறை பெருசாகுதுன்னு மட்டும்தான் சொல்றேன்."

"சொல்லுங்க, சந்தோஷமா சொல்லுங்க. வீட்டுல சொல்லுங்க. இங்க நாற்பது வருஷமா வேறுபாடுன்னு ஒண்ணே வந்ததில்லை. அளந்தா வேறுபாடு வரும்னு எல்லாருக்கும் தெரியும். அது பெரிய விஷயமே இல்லை. அளந்துட்டே இருக்கணும், வேறுபாடும் வரக்கூடாது. அதுக்குத்தான் ஒரு நிர்வாகம் வேணும். வானம் நம்ம கையில இல்லை, சுவர் நம்ம கையில இருக்கு. கையில இருக்கறதை மனுஷன் ஒழுங்கா வெச்சுக்கணுமா இல்லையா?" என்று கேட்டுவிட்டு எழுந்தார். "வாங்க, ஒரு இடம் காட்டறேன்."

நடையின் கோடியில், கழிப்பறையையும் தாண்டி, சிவப்புக் கோடு முடிகிற இடத்தில் ஓய்வறை இருக்கிறது. எனக்கு அது தெரியும், உள்ளே போனதில்லை. ஐந்து பேர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் முன்னால் அளப்பவர்களாக இருந்தவர்கள். 'பணியில் பார்வை இழந்தவர்' என்று ஆளுக்கொரு சான்றிதழ் தலைக்கு மேல் சட்டம் போட்டுத் தொங்கியது. பதினோரு மணி. ஒரு பணியாள் டீக் குவளைகளை அவர்கள் முன்னால் வைத்துவிட்டுப் போனாள்.

அவர்களுக்குக் கண் தெரியும் என்று எனக்குத் தெரியும். வந்த புதிதில் கண்ணாடிக்குப் பின்னால் சிரித்துக்கொண்டு, மேசைக்கு அடியில் பேப்பர் படிப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அன்றைக்கு அவர்கள் ஐந்து பேரும் குவளை எங்கே என்று மேசையைத் தடவினார்கள். ஒருவர் கை குவளைக்குப் பக்கத்திலேயே தடவித் தடவிப் போய்த் திரும்பி வந்தது. அது நடிப்பு இல்லை.

காலடிச் சத்தம் கேட்டுக் கடைசியில் இருந்தவர் முகத்தைத் திருப்பினார். "புதுசா வந்தவரா?" என்று கேட்டார். பிறகு ரகசியம் போல, "இன்னும் இறங்கிட்டுதான் இருக்கா?"

அந்த ஐந்து பேரும் அளந்த தாள்களுக்கு முத்திரை வைத்தவன் நான்தான்.

ஆறாவதாக ஒரு நாற்காலி போட்டிருந்தது. மேலே சுற்றிய பிளாஸ்டிக் இன்னும் பிரிக்கப்படவில்லை. இயக்குநர் அதை அன்பாகத் தட்டினார். "நல்ல நாற்காலி, முதுகுக்கு இதமா இருக்கும். என்ன, இங்க வந்தவங்க குடும்பத்துக்கு மருத்துவ அட்டை கிடையாது. விதி அப்படி, நான் என்ன பண்ண முடியும்?"

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் நான்தான் பேசினேன். "அத்தான், எங்கேயோ இருக்கற நட்சத்திரம். அது மங்கினா நமக்கென்ன, எரிஞ்சு போனா நமக்கென்ன? அக்காவோட அட்டையை நெனச்சுப் பாருங்க." மறுநாள் குண்டூசி கோட்டின் நட்டநடுவில் விழுந்தது. என் சாமர்த்தியத்தை நினைத்து எனக்கே பெருமையாக இருந்தது. இதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

அதற்குப் பிறகு அத்தான் நல்ல ஊழியர் ஆகிவிட்டார். ஆனால் வேறு ஏதோ ஒன்று அவரிடமிருந்து கழன்று போயிருந்தது. துணிக்கடையில் ஒரு நீலத்தையும் ஒரு பச்சையையும் கையில் வைத்துக்கொண்டு, "மாப்ள, இது ரெண்டும் வேற வேற கலர்தானே?" என்று கேட்டார். ஆமாம் என்று சொன்ன பிறகும் இன்னொரு தடவை கேட்டார். தெருவைக் கடக்கும்போது வண்டி வருகிறதா என்று பார்த்துவிட்டு, என் முகத்தையும் பார்ப்பார். "மறுபடி பாத்துக்கறேன்" என்பது அவர் வாயிலும் வர ஆரம்பித்தது. அக்கா சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

அந்தச் சமயத்தில் மருத்துவப் பிரிவு ஒரு சுற்றறிக்கை விட்டது. ஊழியர் குடும்பங்களில் நீண்டகாலம் கவனிக்க வேண்டிய உபாதை எதுவானாலும் இனிமேல் நிலைய முறைப்படியே கவனிக்கப்படும். அதாவது, அடுத்த பன்னிரண்டு மாதம் அது எப்படி இருக்கும் என்று மருத்துவப் பிரிவு எழுத்தர் ஒரு கோடு போட்டுத் தருவார். வீட்டில் அளந்த தாள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை சரிபார்ப்பவருக்கு வர வேண்டும். 'வேறுபாடு உண்டு' என்று முத்திரை விழுந்தால்தான் ஆஸ்பத்திரிக்குச் சீட்டு. எழுத்தர் அக்காவின் பிடரியைப் பார்த்ததே இல்லை. பன்னிரண்டு மாதத்துக்கும் ஏற்ற இறக்கம் இல்லாமல் மட்டமாக ஒரு கோடு இழுத்துக் கொடுத்துவிட்டார்.

சுற்றறிக்கையிலும் நான்தான் முத்திரை வைத்திருந்தேன்.

ஆண்டுவிழாவுக்கு நான்கு நாள் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் தலையணை உறைகளைத் துவைத்துக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு உறையில் துவைத்தும் போகாமல் செம்பழுப்பாக ஒரு திட்டு இருந்தது.

"என்னக்கா இது?"

"அதுவா? பின்னாடி அந்த மச்சம் உராஞ்சு லேசா ரத்தம் வருது. ஒண்ணுமில்லைடா, உங்க ஆபீஸ்லயே ஒண்ணுமில்லைன்னு எழுதிக் கொடுத்துட்டாங்களே."

அவள் முடியை ஒதுக்கிப் பார்த்தேன். சட்டைப் பொத்தான் அளவுக்கு இருந்தது. ஓரம் கோணல்மாணலாக, கன்னங்கறேலென்று இருந்தது. உள்ளே ஓடினேன்.

"அத்தான், நீங்க பாக்கவே இல்லையா? கண்ணு எங்க போச்சு உங்களுக்கு?"

அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கோபப்படவில்லை. பிஸ்கட் டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"பாத்தேன் மாப்ள. மூணு மாசம் முன்னாடியே பட்டாணி அளவு ஆயிடுச்சு. அதுல ரெண்டு கறுப்பு இருந்தது, ஒண்ணு கறுப்பு, ஒண்ணு அதைவிடக் கறுப்பு. இதுல போய் என்னால கோட்டைப் பாத்து வரைய முடியலை. இருந்ததை அப்படியே வரைஞ்சு உங்களுக்கு அனுப்பினேன். நீங்க வேறுபாடு இல்லைன்னு முத்திரை போட்டுத் திருப்பி அனுப்பிட்டீங்க. உங்க அக்கா விஷயம், நீங்க பாக்காம போட மாட்டீங்க. அதனால என் கண்ணுதான் தப்புன்னு நெனச்சேன். அப்புறம் மாசாமாசம் பாக்கறதையும் விட்டுட்டேன்."

தாளை நீட்டினார். பட்டாணியைவிடப் பெரிதாக ஒரு பென்சில் வட்டம். 'கரி. நடுவில் அதைவிடக் கரி' என்று அவர் கையெழுத்து. அதன் மேல் என் முத்திரை, கொஞ்சமும் சாயாமல், எழுத்து எழுத்தாக விழுந்திருந்தது. ஓரத்தில் என் டீக் குவளையின் அடிவட்டம்.

திங்கட்கிழமை காலை அக்காவையும் அத்தானையும் கூட்டிக்கொண்டு நிலையத்துக்குப் போனேன். இருவரையும் வாசல் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு என் மேசைக்கு வந்தேன். இழுப்பறையைத் திறந்து, இருபத்திரண்டு வருஷம் கழித்து அந்த மெழுகுத்தாளைக் கிழித்தேன். மையில் ஒற்றித் தாளில் அழுத்தினேன். நீலமாக ஒரு கட்டம் விழுந்தது. உள்ளே எழுத்தே இல்லை. மறுபடி அழுத்தினேன். மறுபடியும் வெறும் கட்டம். திருப்பிப் பார்த்தால் ரப்பர் மொழுக்கென்று இருந்தது. அதில் யாரும் எதையும் செதுக்கவே இல்லை.

ஸ்டோர்காரரிடம் ஓடினேன். அவர் அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது அப்படித்தான் சார் வரும். தேவைப்படாதுன்னு ஆரம்பத்துலயே சொல்லிட்டாங்க. எண்ணிக்கைக்காக ரெண்டா கொடுக்கறது. உங்களுக்கு முன்னாடி யாரும் பிரிச்சுப் பாத்ததில்லை" என்றார். பிறகு என்னை ஒரு மாதிரி பார்த்தார். "எதுக்குப் பிரிச்சீங்க? மறுபார்வை சாருக்குத் தெரியுமா?"

முத்திரையை வாங்கிக்கொண்டு திரும்பினேன். நடையில் பெயின்டர் ஏணி போட்டு நின்று ஆண்டுவிழாவுக்காகக் கோட்டைத் தடிப்பாக்கிக்கொண்டிருந்தார். அன்றைய குண்டூசி கோட்டின் நட்டநடுவில் இருந்தது. பிரஷ் அதன் மேலேயே போய் வந்தது. ஓய்வறைக்கு வெளியே இரண்டு பேர் ஒரு புது நாற்காலியைத் தூக்கி வந்து இறக்கினார்கள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

அட்டையும் வேண்டாம், சீட்டும் வேண்டாம் என்று அக்காவை நேரே தோல் டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனோம். டாக்டரம்மா பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். கழுத்தின் இரண்டு பக்கமும் விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தார். ஒரு இடத்தில் அவர் விரல் நின்றது.

"மூணு மாசம் முன்னாடி வந்திருக்கணும்மா" என்றார். "இப்போ உள்ளே எவ்வளவு தூரம் போயிருக்குன்னு தெரியலை. நாளைக்கே போற மாதிரி பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தர்றேன்."

அக்கா திரும்பிப் பார்க்காமலே கையைப் பின்னால் நீட்டினாள். அத்தான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"விடாம பாத்துட்டே இருங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே. வளரவே இல்லைன்னு யார் பாத்துச் சொன்னது?"

அத்தான் வாயைத் திறந்தார். அதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"நான்தான் டாக்டர் பாத்தேன்."

அதுவும் பொய்தான். நான் பார்க்கவே இல்லை.